கடதாசி அண்ணையும் பச்சைக் கதவும்

ஐம்பத்தொரு வயதில், பட்டப்பகலில், ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பள்ளிக்கூடக் கதவின் பெயின்றைப் பிய்த்து நாக்கிலே வைத்துச் சுவை பார்த்தவன் நான். குடித்திருக்கவில்லை. காய்ச்சலும் இல்லை. யாரும் பந்தயம் கட்டவில்லை. என்னிடம் இருக்கிற முழுப் புத்தியையும் பாவித்துத்தான் செய்தேன். அது எவ்வளவு என்று இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். நான் எழுதாவிட்டால் என் மனைவி ஊருக்குச் சொல்லிவிடுவாள். பாதி ஊருக்குச் சொல்லியாயிற்று. மீதிப் பாதிக்காவது நான் முந்திக்கொள்கிறேன்.

என்னை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவர் கடதாசி அண்ணை. இந்தக் குடாநாட்டில் இதுவரை பிறந்தவர்களிலே, அரசாங்கக் கந்தோருக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரும் என்று உண்மையாகவே நம்பிய ஒரே மனிதர் அவர்தான். பதில் வராவிட்டால் நாங்கள் சலித்துக்கொள்வோம். அவர் அதிர்ந்துபோவார். ஒவ்வொரு தடவையும், வாழ்க்கையில் முதல் தடவை அப்படி நடந்ததுபோல.

தொழில் பெயின்ற் அடிப்பது. அமெரிக்காவிலே கலிபோர்னியா என்ற இடத்தில் பழைய வீடுகளின் பெயின்றைச் சுரண்டியே பல வருடங்களைக் கழித்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என் வேலையாட்கள் வரவுப் புத்தகத்தில் இருந்தது. அதை நான் ஒருநாளும் வாய்விட்டு வாசித்ததில்லை. கடிதம் எழுதி எழுதியே வாங்கிய பட்டம் 'கடதாசி'; அதை எழுதினாலே எல்லோருக்கும் விளங்கிற்று.

நான் கட்டட ஒப்பந்தம் எடுக்கிற ஒரு கொந்தராத்தரிடம் கிளாக்கர். சாவகச்சேரிக்கு அடுத்த ஒரு ஊரில், மிசன் காலத்துப் பள்ளிக்கூட மண்டபம் ஒன்றைத் திருத்தும் வேலை எங்களுக்குக் கிடைத்தது. தடித்த சுவர்கள், இரண்டாள் உயரக் கதவுகள், எல்லாம் பச்சை. மண்டபத்தின் ஒரு பாதியில் ஊர் முன்பள்ளி நடந்தது. இருபதுக்குக் கொஞ்சம் கூடப் பிள்ளைகள். நாங்கள் மற்றப் பாதியில் சீமெந்து குழைத்தோம். அவர்கள் இந்தப் பாதியில் 'நிலா நிலா' பாடினார்கள். இடையில் ஒரு தாழ்வாரம் மட்டும்.

கடதாசி அண்ணை முதல்நாள் வந்திறங்கிய கோலத்தை நான் மறக்கமாட்டேன். தென்மராட்சி வெயிலில் நாங்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்க, அவர் உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை வெள்ளை உறைக்குள், மூக்கிலே இரண்டு வட்டத் தகரம் வைத்த முகமூடியோடு மோட்டார்சைக்கிளில் வந்தார். ஒழுங்கை நாய்கள் ஒன்றும் குரைக்கவில்லை. குரைப்பதா கும்பிடுவதா என்று அவற்றுக்கே குழப்பம்.

வேலைத்தலத்தில் அவர் ஆட்சி கொடுங்கோல் ஆட்சி. முழங்கை வரை சவுக்காரம் போட்டுக் கழுவாமல் ஒருவரும் தேத்தண்ணிக் கோப்பையைத் தொடமுடியாது. கிணற்றடியில் சுங்க அதிகாரி மாதிரி நின்று கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வேலை முடிந்ததும் அங்கேயே குளித்து, வேலை உடுப்பைத் தனிப் பையில் கட்டி, வேறு உடுப்புப் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார்.

"என்ன அண்ணை, பொம்பிளை பார்க்கவோ போறியள்?" என்று மேசன் யோகராசா கேட்பான்.

"நீ அந்தத் தூசோடை போய் உன்ரை பிள்ளையைத் தூக்கு. நான் ஏதும் சொல்லேல்லை," என்பார். பிறகு அரைமணித்தியாலம் சொல்வார்.

சரி, கதவுக்கு வருகிறேன். திங்கட்கிழமை அவர் ஒரு சிறு சோதனைக் குச்சியை எடுத்துப் பச்சைக் கதவின் வெடிப்பிலே உரசினார். குச்சி முனை சிவந்தது. பாம்பைக் கண்டவர் மாதிரி இரண்டடி பின்னால் வந்தார்.

"காரீயம். அடிப் படை முழுக்கக் காரீயம். மெசின் போட்டு உரஞ்சினால் தூசாப் பறக்கும். சின்னப் பிள்ளையள் உந்தச் செதிலைத் தின்னுவினம் தம்பி. இனிக்கும்."

"பெயின்ற் இனிக்குமோ? கதை விடாதையுங்கோ அண்ணை," என்றேன்.

"இனிக்கும் எண்டுறன்."

அதற்குப் பிறகுதான் நான் மேலே சொன்ன காரியத்தைச் செய்தேன். ஒரு சின்னச் செதிலைப் பிய்த்து, எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்து, வித்தைக்காரன் மாதிரி நாக்கிலே வைத்தேன். கடதாசி அண்ணை பாய்ந்து வந்து என் தாடையைப் பிடித்து, மாட்டுக்கு மருந்து கொடுப்பதுபோலத் தலையைத் திருப்பி, விரலை விட்டுச் செதிலை வழித்தெடுத்து, வாளித் தண்ணீரை வாயிலே ஊற்றினார். கொப்பளிக்கச் சொன்னார். கொப்பளித்தேன். இன்னும் என்றார். வாளி முடிந்தது. அடுத்த வாளி வந்தது.

"விசரன்! படிச்ச விசரன்! படியாத விசரனுக்காவது சொல்லி விளங்கப்படுத்தலாம்!"

ஒரு சாடை இனித்தது என்பது உண்மை. அதை நான் அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை. மனிதனுக்கு மானம் என்று ஒன்று வேண்டாமா?

அன்றைக்கே அவர் சொன்னார்: "அறிவிக்கவேணும்."

அமெரிக்காவில் அவர் வேலை செய்த இடத்தில் அதுதான் சட்டமாம். ஈயப் பெயின்றிலே கை வைப்பதற்கு ஒருநாள் முன்னதாகவாவது, தொழிலாளர் பாதுகாப்பைப் பார்க்கிற கந்தோருக்கு அறிவிக்கவேண்டும். எங்கே வேலை, எப்போது தொடக்கம், எத்தனை பேர், எப்படிச் சுரண்டப் போகிறீர்கள், தூசை எப்படி அடக்கப் போகிறீர்கள். எல்லாம் எழுத்தில். வேலையின் போக்கு மாறினால் திரும்பவும் அறிவிக்கவேண்டும். இங்கே அப்படி ஒரு விதி உண்டா, இருந்தால் எந்தக் கந்தோரின் எந்த அலுமாரியில் தூங்குகிறது என்று எங்கள் ஒருவருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது. ஆனால் அது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

"விதி இல்லையெண்டால் பிள்ளையின்ரை ரத்தத்துக்குள்ளை போகாதோ? எழுதும்."

என் கையெழுத்து அழகானது என்பது நான் செய்த முற்பிறப்புப் பாவம். எழுதினேன். வேலை தொடங்கும் நாள் அடுத்த திங்கட்கிழமை என்று போட்டேன். ஆட்கள் நால்வர் என்று போட்டேன். செவ்வாய்க்கிழமை யோகராசா தன் மைத்துனனைக் கூட்டிவந்தான். "ஐந்து," என்றார் கடதாசி அண்ணை. கடிதம் முழுவதையும் திரும்ப எழுதினேன். கொஞ்ச நேரத்தில் யோகராசா பல்வலி என்று வீட்டுக்குப் போனான். நான் பேனையை எடுத்துக்கொண்டு பரிதாபமாகப் பார்த்தேன். "ஆள் குறைஞ்சால் தேவையில்லை," என்றார். சொல்லும்போது அவருக்கே கவலையாக இருந்தது.

கடிதத்தைக் கையிலே கொடுத்தால்தான் மரியாதை என்று அன்றைக்கே என்னை மோட்டார்சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு இரண்டு கந்தோருக்குப் போனார். முதலாவதில் இருந்தவர் கடிதத்தை முழுக்க வாசித்தார். அது நல்ல சகுனம் என்று நினைத்தோம்.

"ஈயமோ? எங்கடை அம்மா செம்புப் பானைக்கு ஈயம் பூசித்தானே சமைச்சவ. எனக்கு ஒண்டும் செய்யேல்லையே?"

"அது வெள்ளீயம், ஐயா. இது காரீயம். உங்களுக்கு ஏதும் செய்ததோ இல்லையோ எண்டு உங்கடை வீட்டுக்காரரைத்தான் கேக்கவேணும்," என்றார் கடதாசி அண்ணை. அந்தக் கந்தோரில் எங்கள் கதை அதோடு முடிந்தது.

இரண்டாவதில் ஒரு பெண் அதிகாரி. மிகவும் தன்மையானவர். இருக்கச் சொன்னார். "விபத்து எப்ப நடந்தது?" என்று கேட்டார்.

"இன்னும் நடக்கேல்லை அம்மா. நடக்காமலிருக்கத்தான் வந்தனாங்கள்."

அவர் மேசை லாச்சியைத் திறந்து தேடினார். "நடந்த விபத்துக்குப் படிவம் இருக்கு. நடக்காததுக்கு ஒண்டும் இல்லையே, ஐயா. நடந்தாப்பிறகு வாங்கோவன்."

கடதாசி அண்ணையின் கழுத்து நரம்பு புடைத்தது. "அம்மா, இது காலிலை விழுற கல்லோ, ஐயோ எண்டு கத்திக்கொண்டு ஓடிவர? மூச்சோடை போகும். சாப்பாட்டோடை போகும். ஒரு நோவும் இராது. பிள்ளை பள்ளிக்கூடத்திலை கடைசி வாங்கிலை இருக்கேக்கைதான் தெரியும். அப்ப எந்தப் படிவத்திலை எழுதுவியள்?"

எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. இன்று நினைக்க உடம்பு எரிகிறது. கட்டடம் கட்டுகிற இடமெல்லாம் தலைக்கவசம் போடு என்று பலகை மாட்டுகிறோம். விழுகிற கல் கண்ணுக்குத் தெரியும்; அதற்குப் பலகை உண்டு. தூசு தெரியாது, அதற்கு ஒன்றும் இல்லை. தெரியாததற்கு ஒரு படிவம் அச்சடிக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. 'எங்களில்' என்று வேண்டுமென்றுதான் எழுதுகிறேன். நான் அதற்குப் பிறகு செய்ததைக் கேளுங்கள்.

எங்கள் கொந்தராத்தர் பஞ்சாங்கம் பார்க்காமல் மூக்குச் சிந்தமாட்டார். பெயின்ற் வேலைக்குப் புதன்கிழமை காலை ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு நேரம் வைத்திருந்தார். தவறவிட்டால் அடுத்த மாதம்தான். முழு வேலையும் திங்களில்தான் தொடங்கும். ஆனால் நல்லநேரத்தில் ஒரு சாண் இடத்தையாவது தொட்டுவிடவேண்டும். எங்கள் பக்கத்தில் எல்லாக் கட்டட வேலைக்கும் அதுதான் வழக்கம். ஈசான மூலையில் தொடங்கு என்றார். ஈசான மூலை எது? முன்பள்ளியின் கதவு.

கடதாசி அண்ணையைக் கேட்டால் விடமாட்டார். நல்லகாலம், அவர் அந்த நேரம் தபாற்கந்தோரில் நின்றார். 'வேலை திங்கட்கிழமை தொடங்கும்' என்ற என் கையெழுத்துக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் மூன்றாவது கந்தோருக்கு அனுப்பும் உத்தேசம். அவர் அங்கே முத்திரை ஒட்டிக்கொண்டிருக்க, நான் இங்கே தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, கதவின் கீழ்ப்பாதியில் என் கையாலே ஒரு சாண் பச்சையைச் சுரண்டினேன். நல்ல காரியம் நடந்த இடத்தை அன்றைக்குக் கூட்டக்கூடாது என்பதால் பூ, தேங்காய்ச் சில்லு, பச்சைச் செதில் எல்லாம் வாசற்படியில் அப்படியே கிடந்தன. கீழ்ப்பாதியில் ஏன் சுரண்டினேன் என்றால் எனக்கு ஏணியில் ஏறப் பயம்.

வியாழன் காலை கடதாசி அண்ணை அந்தக் கதவின் முன்னால் நின்றார்.

"உது ஆர் செய்தது?"

"நான்தான் அண்ணை."

"கடதாசியிலை என்ன எழுதினனீர்?"

"திங்கட்கிழமை தொடங்கும் எண்டு."

"இண்டைக்கென்ன கிழமை?"

"வியாழன்."

"அப்ப உது என்ன?"

"உது வேலையில்லை அண்ணை. உது... நல்லநேரம்."

"ஈயத்துக்குப் பஞ்சாங்கம் பார்க்கத் தெரியுமோ? நல்லநேரத்திலை சுரண்டினால் அது பிள்ளையின்ரை வாய்க்குள்ளை போகாமல் கோயிலுக்குப் போகுமோ?"

அப்போதுதான் முன்பள்ளி ரீச்சர் வெளியே வந்தார். அவர் கைப்பிடியில் மூன்று பிள்ளைகள். முகம் சிவந்திருந்தது.

"அண்ணை, உங்கடை ஆக்களிலை ஆரோ இந்தக் கதவை நக்கினவையோ? நேற்றிலையிருந்து இதுகள் மூண்டும் நக்குதுகள். செதிலைப் பொறுக்கி வாயிலை போடுதுகள். அடிச்சும் கேக்குதுகள் இல்லை. கேட்டால், 'அந்த மாமா திண்டவர், இனிக்குமாம்' எண்டு சொல்லுதுகள்."

மூன்றிலும் சின்னவள், இரட்டைப் பின்னல்காரி, ஒரு விரலால் என்னைக் காட்டினாள். "உந்த மாமாதான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. யோகராசாகூட.

கடதாசி அண்ணை முகமூடியைக் கழற்றினார். முழங்கால் நோவோடு தரையில் குந்தினார். அவளுடைய பொத்திய கையை விரல் விரலாக விரித்தார். உள்ளே பச்சைச் செதில் ஒன்று.

"நீங்கள் சந்திரனிலையிருந்தோ வந்தனீங்கள்?" என்று கேட்டாள்.

"ஓம் குஞ்சு. வாயைத் திற."

மூன்று பேரையும் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் வாயும் கையும் கழுவிவிட்டார். என்னை உலுப்பிய அதே கைகள் என்று நம்பமுடியாது. பிறகு வந்து ஈரத்துணியால் வாசற்படியைத் துடைத்து, சுரண்டிய இடத்துக்கு அகலமான ஒட்டுநாடா ஒட்டி, ஒரு கதிரையை இழுத்து அந்தக் கதவுக்குக் குறுக்கே போட்டு இருந்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

"என்ரை மகளுக்கு அப்ப மூண்டு வயசு," என்றார். "வேலையாலை வந்த உடுப்போடை தூக்குவன். ஒவ்வொரு நாளும். ரத்தத்திலை கண்டுபிடிச்சினம். இப்ப வளர்ந்திட்டாள். ஆனா எழுத்துக்கூட்டி வாசிக்க அவள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்த வேலையை என்ரை முதலாளி அறிவிக்கேல்லை. அறிவிச்சிருந்தால் ஆரோ ஒருத்தன் வந்து பார்த்திருப்பான்."

அவ்வளவுதான். அதற்கு முன்னும் பின்னும் அதைப் பற்றி அவர் கதைத்ததில்லை.

பதினொரு மணிக்குக் கொந்தராத்தர் வந்தார். "ஐசே, ஏன் உவர் கதவுக்குக் காவல் இருக்கிறார்?" என்று என்னிடம் கேட்டார். நான் விளக்கினேன். "திறப்புவிழாவுக்குப் பெரிய ஆக்கள் வருகினம். திங்கள் மெசின் போட்டு நாலு நாளிலை முடிக்கிறம். நாங்கள் எல்லாரும் உந்தப் பெயின்றைத்தானே தொட்டு வளர்ந்தனாங்கள்!"

"அதுதான் முதலாளி தெரியுதே," என்றார் கடதாசி அண்ணை, எழும்பாமலே.

"நான் உம்மை நிப்பாட்டுறன்!"

"நிப்பாட்டுங்கோ. வேலையைத்தான் நிப்பாட்டலாம். கதிரையிலையிருந்து எழுப்பேலாது. பிள்ளையளை வேறை இடத்துக்கு மாத்தும் வரைக்கும் உந்தக் கதவிலை ஒருத்தரும் கை வைக்கேலாது."

கொந்தராத்தர் காலால் மண்ணை உதைத்துவிட்டுக் காருக்குப் போனார். திங்கட்கிழமை மெசின் வரும் என்பது எனக்குத் தெரியும். வேறு பெயின்றரும் வருவார். கதிரையைத் தூக்க நாலு பேர் போதும். இதெல்லாம் கடதாசி அண்ணைக்கும் தெரிந்திருந்தது.

"எழுதும்," என்றார்.

"ஆருக்கு அண்ணை? எல்லாக் கந்தோருக்கும் எழுதியாச்சே?"

"அம்மாமாருக்கு."

ரீச்சரின் கரும்பலகையை வாங்கி வாசல் படலையில் சாத்தினோம். கந்தோர்க்காரர் கணக்கெடுக்காத அதே விசயங்களை எழுதினேன். இந்தக் கதவுகளின் பெயின்றில் காரீயம் இருக்கிறது. திங்கட்கிழமை மெசினால் உரஞ்சப்படும். தூசு பறக்கும். தூரம், உங்கள் பிள்ளைகள் இருக்கும் இடத்திலிருந்து பத்தடி. கடைசி வரியை அவர் சொல்லாமலே நானாகச் சேர்த்தேன்: 'நேற்றே ஒரு சாண் சுரண்டியாயிற்று. சுரண்டிய மடையன் கீழே கையொப்பமிட்டவன்.'

மத்தியானம் பிள்ளைகளைக் கூட்டிப்போகத் தாய்மார் வந்தார்கள். கோயில் உபயகாரர் பட்டியலில் தங்கள் பெயரைத் தேடுகிற கவனத்தோடு வாசித்தார்கள். இரண்டாந்தரமும் வாசித்தார்கள். அதன் பிறகு அவர்கள் கொந்தராத்தரைத் தொலைபேசியில் பிடித்துச் சொன்னவற்றை இந்தப் பத்திரிகை அச்சிடாது. அவர்களில் ஒருத்தி கொந்தராத்தரின் மனைவியின் சொந்தத் தங்கை. சட்டம் செய்யாததை மச்சாள் செய்தாள். ஞாயிற்றுக்கிழமையே முன்பள்ளி கோயில் மண்டபத்துக்கு மாறியது. மெசின் வரவில்லை. கடதாசி அண்ணை சொன்னபடியே கதவுகளைச் சுற்றிப் பிளாஸ்ரிக் கட்டி, தண்ணீர் தெளித்து, ஈரமாகவே, கையாலே சுரண்டினோம். நாலு நாள் வேலை மூன்று கிழமை இழுத்தது. நானும் வெள்ளை உறைக்குள் போனேன். உள்ளே இருந்த வெக்கையில் நான் செய்த எல்லாப் பாவங்களும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

எல்லாம் முடிந்து, புதுப் பெயின்றும் காய்ந்த பிறகு, மூன்றாவது கந்தோரிலிருந்து ஒரு பதில் வந்தது. 'தங்கள் கடிதம் கிடைத்தது. இவ்வாறான வேலைகளைத் தொடங்குவதற்கு முன்னர் அறிவிக்கவும்.' எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைக் கிழிக்கப் போனேன். கடதாசி அண்ணை பறித்துக்கொண்டார்.

"பார்த்தீரோ? பதில் வந்திட்டுது!" அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "முன்னர் எண்டு எழுதியிருக்கினம். அப்ப முன்னம் அறிவிக்கவேணும் எண்டு அவைக்கும் தெரியுது."

இப்படிப்பட்ட மனிதரை என்ன செய்வது?

மூன்று பிள்ளைகளின் ரத்தத்தையும் சோதிக்க அவர்தான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். ரத்தம் கொழும்புக்குப் போகவேண்டும் என்றார்கள்; நாளாகும் என்றார்கள். முடிவுகள் மூன்றும் நல்லபடியாகத்தான் வந்தன, பயப்படாதீர்கள். ஆனால் மூன்றும் ஒரே நாளில் வரவில்லை. முதலில் வந்தது இரட்டைப் பின்னல்காரியினுடையது. ரீச்சர் அழுதுகொண்டே என்னிடம் சொன்னார். கடதாசி அண்ணை அப்போது வல்வெட்டித்துறையில் ஒரு பழைய வீட்டுச் சன்னல்களோடு போராடிக்கொண்டிருந்தார். உடனே அவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, பிள்ளைக்கு ஒண்டுமில்லையாம். ரத்தம் சுத்தமாம்," என்றேன். இத்தனை நாளும் சிரித்துச் சிரித்து மறைத்ததையெல்லாம் கொட்டினேன். உங்களைப் போல ஒரு மனிதரை நான் கண்டதில்லை என்றேன். இனி நீங்கள் சொல்லுகிற எந்தக் கடிதத்தையும் நான் முகம் சுளிக்காமல் எழுதுவேன் என்றேன். என்னை மன்னித்துவிடுங்கள் என்றும் சொன்னேன் என்று நினைக்கிறேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். செருமினார்.

"மற்ற ரெண்டும்?"